கடைசி ஆளின் வேகம்

சுசீந்திரம் தாண்டியதும் ஒரு டீக்கடை உண்டு. ஓடத் தொடங்கிய புதிதில், காலை ஐந்தரை மணிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அந்தக் கடையைக் கடந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல்: "என்ன டீச்சரே, பஸ்ஸை விட்டுட்டியளா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அடுத்த இருநூறு மீட்டரை எப்படிப் பறந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். திருப்பத்தில் மறைந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

மாரத்தானில் எது கஷ்டம் என்று கேட்பவர்களிடம் முழங்கால், வெயில், நாய் என்று எதையாவது சொல்லி வைப்பேன். உண்மையான கஷ்டம், சொந்த ஊரில் நாலு பேர் பார்க்க மெதுவாக ஓடுவதுதான். அதுவும் 44 வயதில், நம்மிடம் கணக்கு படித்த பையன்கள் பைக்கில் "குட்மார்னிங் டீச்சர்" சொல்லிக்கொண்டு போகும் ரோட்டில். வேகமாக ஓடினால் பார்க்கிறவர்கள் பயிற்சி என்பார்கள். மெதுவாக ஓடினால் பஸ்தான் போய்விட்டது!

இருட்டோடு தனியாக ஓட வீட்டில் சம்மதமில்லை. அதனால் ஓர் ஓட்டக் குழுவில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதல் ஞாயிறு நாகர்கோவில் மணிமேடையிலிருந்து கன்னியாகுமரி வரை, கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். நாலரைக்குக் கிளம்பினோம். கோட்டாறு வரை பேச்சுத்துணை இருந்தது. இடலாக்குடியில் அவர்கள் முதுகு தெரிந்தது. அதற்குப் பிறகு முதுகும் இல்லை. வழுக்கம்பாறைக்கும் பொற்றையடிக்கும் நடுவில் மூன்று நாய்கள், நான், கையில் ஒரு செல்போன் வெளிச்சம். ஓடக் கூடாது என்று தெரியும், நின்றேன். அவை குரைத்து அலுத்துப் போகும் வரை நின்றேன். கொட்டாரம் வந்து பஸ் ஏறினேன். ஆமாம், அன்றைக்கு நிஜமாகவே பஸ்.

வாட்ஸ்அப்பில் அதற்குள் சூரிய உதயப் படம் வந்திருந்தது. பின்னால் வள்ளுவர் சிலை, முன்னால் பதினொரு பேர், ஒரே நிற டீசர்ட். கீழே "நம்ம குடும்பம்" என்று போட்டிருந்தார்கள். ஓர் ஆள் குறைகிறதே என்று அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்கவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நல்லவர்கள்தான். வேகமாக ஓடுவதும் குற்றமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ஓட்டத்தைப் போட்டியாக ஆக்கியதில் அவர்கள் என்னை மட்டும் விட்டுவிட்டு ஓடவில்லை, பயிற்சியையும் விட்டுவிட்டே ஓடினார்கள் என்பது என் கருத்து. அந்த ஓட்டத்தின் பயனே மெதுவாக ஓடுவதில் இருக்கிறது. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. அந்த வேகத்தில் மணிக்கணக்கில் ஓடும்போதுதான் தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. இதயமும் மூச்சும் சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் மெல்லத்தான் பழகும். இந்த இடைவெளியில் அவசரப்படுகிறவர்களுக்குத்தான் முன்கால் எலும்பில் வலி வருகிறது. அந்தப் பதினொரு பேரில் நாலு பேர் அடுத்த ஆறு மாதத்தில் ஏதாவது ஒரு வலியோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். நான் சபித்ததாக நினைக்க வேண்டாம்.

அப்புறம் ஆறு பேராகச் சேர்ந்து தனியாக ஓடத் தொடங்கினோம். நான், இன்னொரு டீச்சர், ஒரு நர்ஸ், ஒரு தம்பதி, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. ஒரே விதி: ஞாயிற்றுக்கிழமை யார் மெதுவோ, அவர் வேகம்தான் எல்லோருக்கும். மற்ற நாட்களில் அவரவர் இஷ்டம். தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "இப்படி ஊர்ந்தா என் டைமிங் என்னாகும் அக்கா?" என்றான். 2019இல் வியன்னாவில் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடிக் காட்டிய கென்ய வீரர் கிப்சோகேயே பயிற்சியில் பெரும்பகுதியை நிதானமாகத்தான் ஓடுகிறவர் என்று சொன்னேன். "அவரோட நிதானம் நம்ம பைக்கோட வேகம்லா" என்றான். அதுவும் சரிதான். ஆனாலும் ஓடினான்.

ஜனவரியில் சென்னை மாரத்தான். பயிற்சியை அதற்குப் பதினெட்டு வாரம் முன்பு தொடங்கினோம், அதாவது செப்டம்பர். காற்று இன்னும் அடங்காத காலம். தோவாளையிலிருந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும், நாம் பெரிய ஓட்டக்காரி என்று தோன்றும். திரும்பும்போது தெரியும் சங்கதி. எதிர்காற்றோடு, கேரளத்துக்குக் கல்லும் பாறைப்பொடியும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளின் புழுதியும் முகத்தில் அடிக்கும். அந்த ரோட்டில் ஓரமாக ஓட ஓரம் கிடையாது. ஒரே வரிசையில், கடைசியில் சிவப்பு விளக்கு கட்டிய ஒருவர் என்று ஓடினோம். அக்டோபரில் வடகிழக்கு மழை. இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வோமே, ஈர ஷூவோடு 24 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தால் அந்தப் பெருமை குறையும். பெருவிரல் நகம் கறுத்துப் போனது. அம்மா பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசவில்லை.

சாப்பாட்டுக்கு மட்டும் குறையில்லை. ஓடும்போது தெம்புக்காகச் சாப்பிடும், பாக்கெட்டில் வரும் ஜெல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முந்தின இரவு மரச்சீனிக் கிழங்கு, ஓட்டத்தில் மட்டிப்பழமும் கருப்பட்டித் துண்டும், முடித்ததும் உப்புக் கஞ்சியும் பயறும். உப்பு முக்கியம். மெதுவாக ஓடுகிறவர்கள் ரோட்டில் அதிக நேரம் இருக்கிறோம், பயத்தில் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளுகிறோம், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடுகிறது. தண்ணீர் குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் ஆபத்து என்பதை எங்கள் நர்ஸ்தான் சொல்லித் தந்தாள்.

ஒலிம்பிக்கில் ஆண்கள் மாரத்தான் 1896லிருந்து இருக்கிறது. பெண்களுக்கு 1984இல்தான் வந்தது. அப்போது எனக்கு மூன்று வயது. பெண்ணுடம்பு தாங்காது என்று அதுவரை நம்பியிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா எவ்வளவு தூரம் நடந்திருப்பாள் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை போல.

சென்னையில் 32ஆவது கிலோமீட்டரில் கால் நின்றது. உடம்பில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன், அதாவது தசையும் ஈரலும் சேமித்து வைக்கும் சர்க்கரை, ஏறக்குறைய அந்த இடத்தில்தான் தீரும் என்று படித்திருக்கிறேன். படித்ததா காலுக்குத் தெரியும்? நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம் என்று போனேன். தெரியாத ஊர், பார்க்கிறவர்கள் யாரும் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. அது ஒரு நிம்மதி. 5 மணி 51 நிமிடம். தம்பி 4 மணி 20 நிமிடத்தில் முடித்துவிட்டு, குளித்துச் சாப்பிடப் போகாமல் கடைசி வளைவில் வாழைப்பழத்தோடு நின்றான். பக்கத்தில் கூடவே ஓடினான், முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு. எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை.

போன மாதம் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அறுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்காக டாக்டரிடம் கேட்டுவிட்டு ஓட வந்தவர். கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கிறார், நடுவில் நின்று ஊர்க்காரர்களிடம் விசாரிக்கவும் செய்கிறார். ஆக, ஞாயிற்றுக்கிழமை வேகத்தை முடிவு செய்யும் அதிகாரம் என் கையைவிட்டுப் போய்விட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்சம் வருத்தம்தான். போன வாரம் சுசீந்திரம் டீக்கடையை எல்லோருமாகக் கடந்தபோது அதே குரல், "இன்னைக்கு கண்டக்டரையே விட்டுட்டு பஸ் போயிட்டா?" என்றது. அவர் ஓட்டத்தை நிறுத்தி, உள்ளே போய், ஏழு டீ சொல்லிவிட்டார்.