621 வெற்றிகள்: ஒரு திருத்தம்

ஜான் மெக்கிசிக் '621 ஆட்டங்கள் ஆடி அனைத்திலும் வென்ற கால்பந்துப் பயிற்சியாளர்' என ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 621 என்பது வெற்றிகளின் எண்ணிக்கை மட்டுமே. அவற்றோடு 155 தோல்விகளும் 13 சமநிலைகளும் உண்டு. அதாவது, ஏறத்தாழ ஐந்து ஆட்டங்களுக்கு ஒன்றில் அவரது அணி தோற்றிருக்கிறது.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள சம்மர்வில் உயர்நிலைப் பள்ளியில் 1952 முதல் 2014 வரை, வேறு பள்ளிக்கு மாறாமல், 63 பருவங்கள் அவர் பயிற்சியளித்தார். ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து வெற்றிகள் எனக் கணக்கிட்டால்தான் அந்த உழைப்பின் நீளம் புரியும். பத்து மாநிலப் பட்டங்களும் அவற்றுள் அடங்கும். இன்னொன்று: அவர் கற்பித்தது நாம் உதைத்து ஆடும் கால்பந்தன்று, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து.