மான் தின்ற வரி

(திருகோணமலை. ஃபிரெட்ரிக் கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடை. காலை பத்து மணி. கொழும்பு–திருகோணமலை 49ஆம் இலக்க பஸ்ஸைக் காலமெல்லாம் ஓட்டி ஓய்வுபெற்ற ஐயா, உரப்பை ஒன்றில் சுற்றிய லப்டொப்போடு வருகிறார். கடைக்காரத் தம்பி யாருடையதோ ஒரு ஃபோனைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.)

ஐயா: தம்பி, இதற்கு ரேம் போட்டு விடு. எட்டு ஆக்கி விடு.

தம்பி: வாங்கோ ஐயா. என்ன கரைச்சல்?

ஐயா: ஒரு கரைச்சலும் இல்லை. மகன் பிறந்தநாளுக்கென்று கனடாவிலிருந்து ஸ்டீம் என்கிற இணையக் கேம் கடையில் ஒரு கேம் வாங்கி அனுப்பியிருக்கிறான். ஃபோர்ஸா ஹொரைசன் 5. மெக்சிகோ முழுக்கக் கார் ஓட்டலாமாம்.

தம்பி: நீங்களா ஓட்டப் போறீங்கள்?

ஐயா: பின்னே? பென்ஷன் எடுத்த நாளிலிருந்து வீட்டுக்காரி மோட்டார் சைக்கிள் சாவியைக் கூடக் கண்ணில் காட்டுகிறாள் இல்லை.

தம்பி: சரி, கேமுக்கு என்னென்ன வேணும் என்று பார்த்தீங்களா?

ஐயா: பார்க்காமல் வருவேனா? பேத்தி எழுதித் தந்தாள். இந்தா.

(சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை நீட்டுகிறார். கீழ்ப்பாதி இல்லை.)

தம்பி: மிச்சம் எங்கே ஐயா?

ஐயா: மான் தின்றுவிட்டது.

(தம்பி ஒன்றும் பேசவில்லை.)

ஐயா: என்ன பார்க்கிறாய்? பிளேன்டீ குடிக்கிறபோது பக்கத்தில் வைத்தேன். வடை எண்ணெய் கொஞ்சம் பட்டிருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், கொம்பு வைத்த பெரிய ஆள் ஒருவர் மென்றுகொண்டிருக்கிறார். பறித்தெடுத்தது இவ்வளவுதான்.

(ஊர்க்காரருக்கு இதில் அதிசயம் இல்லை. கோட்டைப் புள்ளிமான்கள் கோட்டையோடு நிற்பதில்லை. தெருவுக்கு வரும், கடை வாசலில் நிற்கும், கிடைத்ததைத் தின்னும்.)

தம்பி: (வாசிக்கிறார்) விண்டோஸ் 10. ஐ5-4460. ரேம் 8 ஜிபி. அதற்குக் கீழே பல்லுத் தடம்தான் இருக்கு.

ஐயா: அதுதான் சொன்னேனே. விண்டோஸ் 10 இருக்கு. ஐ5 இருக்கு, இதோ ஒட்டி வேறு வைத்திருக்கிறான். ரேம்தான் நாலு.

தம்பி: ஐயா, இது 2012 காலத்து லப்டொப்பில் வந்த ஐ5 சில்லு. அந்தக் கேம் கேட்கிறது அதற்குப் பிறகு மேசைக் கொம்பியூட்டருக்கு வந்த ஐ5.

ஐயா: இரண்டும் ஐ5தானே?

தம்பி: நீங்கள் ஓட்டின பழைய லேலண்டும் 49தான், இப்போது போகிற ஏசி பஸ்ஸும் 49தான். இரண்டும் ஒரே நேரத்துக்கா கொழும்பு போய்ச் சேரும்?

ஐயா: (சற்று யோசித்து) நான் ஓட்டினால் சேரும்.

தம்பி: சரி, அதை விடுவோம். (ஃபோனில் தேடுகிறார்.) மான் தின்றது இதைத்தான். திரையில் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்ட், ஜிடிஎக்ஸ் 970. கேம் அந்தக் கார்டோடு பேசுகிற மென்பொருள், டைரக்ட்எக்ஸ் 12. ஹார்ட் டிஸ்கில் 110 ஜிபி இடம்.

ஐயா: கார்டையும் போட்டு விடு.

தம்பி: போட இடம் இல்லை ஐயா. உங்களுடையது இன்டெல் எச்டி 4000. ஐ5 சில்லுக்குள்ளேயே இருக்கு, சில்லு போர்டில் இருக்கு. தனி மெமரியும் அதற்கு இல்லை, ரேமில்தான் பங்கு கேட்கும். டைரக்ட்எக்ஸ் 11 மட்டும்தான் அதற்குத் தெரியும். 12 இல்லாமல் அந்தக் கேம் தொடங்கவே தொடங்காது.

ஐயா: இந்த விசயம் மானுக்கு எப்படித் தெரிந்தது?

தம்பி: இடமும் இல்லை. 500 ஜிபி டிஸ்கில் மிச்சம் 38. அப்படி என்னதான் வைத்திருக்கிறீங்கள்? (திறக்கிறார்.) கல்யாண வீடியோ. கல்யாண வீடியோ ஃபைனல். கல்யாண வீடியோ ஃபைனல் 2. கல்யாண வீடியோ மாமி வேண்டாம்.

ஐயா: அது சம்பந்தி சண்டை பிடித்த பிறகு வெட்டினது. பிறகு சமாதானம் ஆகிவிட்டோம், அதனால்தான் மற்றதையும் வைத்திருக்கிறேன்.

தம்பி: இப்போது நிலைமை எப்படி?

ஐயா: இரண்டும் இருக்கட்டும்.

(தம்பி லப்டொப்பைக் கவிழ்த்து மூடியைக் கழற்றுகிறார். ஆணிகள் துருப்பிடித்திருக்கின்றன, உப்புவெளி ஊரில் கடலைப் பார்த்த ஐயா வீடு. விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் தூசு ஒரு துண்டுத் துணியாகவே படிந்து கிடக்கிறது. இடுக்கியால் முழுசாக உரித்தெடுக்கிறார். மேசையில் பொடி மணல் கொட்டுகிறது.)

தம்பி: காற்றுப் போக வழியே இல்லை. சூடு நூறு பாகையை நெருங்கினால் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதைத் துடைத்து, சில்லின் சூட்டைக் கடத்துகிற காய்ந்த பேஸ்டை மாற்றினாலே பாதி வருத்தம் தீரும்.

ஐயா: என் பஸ்ஸில் யாராவது இப்படி விட்டிருந்தால் ஹபரணையில் இறக்கிவிட்டிருப்பேன். யானையோடு பேசிக்கொண்டு வரட்டும் என்று.

தம்பி: இது உங்கள் லப்டொப் ஐயா.

ஐயா: அதை ஏன் இப்போது சொல்கிறாய்?

தம்பி: ஒன்று செய்வோம். வாங்கி 14 நாளைக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் திருப்பிக் கொடுக்கலாம். நீங்கள் தொடங்கவே இல்லையே.

ஐயா: அப்போ காசு எனக்கு வரும்?

தம்பி: இல்லை, மகனுக்குப் போகும். பரிசை நீங்கள் திருப்பினாலும் காசு வாங்கினவருக்குத்தான்.

ஐயா: பிறந்தநாள் எனக்கு, காசு அவனுக்கா?

தம்பி: அந்தக் காசில் யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 வாங்கி அனுப்பச் சொல்லுங்கோ. லொறி ஓட்டுறது. அது 2012இல் வந்தது, உங்கள் லப்டொப்போடு ஒத்த வயது. புதுப் பதிப்பு இழுத்து இழுத்து ஓடினால், ஸ்டீமில் ‘பீட்டா’ பகுதிக்குப் போய்ப் பழைய பதிப்பையே எடுக்கலாம். கழற்றின 4 ஜிபி ரேம் ஒன்று இருக்கு, அதையும் போடுறேன். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கிராஃபிக்ஸுக்கும் நல்லது.

ஐயா: (ஃபோனை எடுத்துவிட்டு வைக்கிறார்) கனடாவில் இப்போது நடுச்சாமம். எழும்பட்டும். விடிந்ததும் பேசுகிறேன்.

(மகன் எழும்பினார், வாங்கினார், அனுப்பினார். இன்னொரு நாள், பின்னேரம், அதே கடை.)

தம்பி: திரையை 1280க்கு 720 ஆக்கிவிட்டேன். நிழலை நிற்பாட்டிவிட்டேன். அடுத்து கண்ணாடி.

ஐயா: எந்தக் கண்ணாடி?

தம்பி: லொறியின் பக்கக் கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாடிக்கும் பின்னால் தெரிகிற றோட்டை அது திரும்ப வரைய வேணும். குறைத்தால்தான் வேகம் வரும்.

ஐயா: கையை எடு!

தம்பி: ஐயா—

ஐயா: மரத்தை எடு, மலையை எடு, வானத்தை வேணுமென்றாலும் கழற்று. கண்ணாடியில் கை வைக்காதே. கண்ணாடி இல்லாமல் வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறவனுக்கு யார் லைசன்ஸ் கொடுத்தது?

(கண்ணாடி தப்பியது. புல்லும் தூரத்து மரங்களும் போயின. லொறி கிளம்புகிறது. வாசலைத் தாண்டியதும் பெரும் சத்தம்.)

ஐயா: பார்த்தாயா? பிழையான பக்கத்தால் வந்து அடிக்கிறான்! அபராதம் எனக்கா?

தம்பி: ஐயா, இது ஜெர்மனி. அங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேணும்.

ஐயா: வாழ்க்கை முழுக்க இடப்பக்கம் ஓட்டினவன் இந்த வயதில் கட்சி மாறுவதா?

தம்பி: சரி, இங்கிலாந்தில் தொடங்குவோம். அங்கே நம்மைப் போல இடப்பக்கம்.

(அரை மணித்தியாலத்துக்கு ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்கிறது. பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்து, மெதுவாக ஐயாவுக்குப் பின்னால் நின்றுகொள்கிறார். திடீரென்று திரை இருள்கிறது.)

ஐயா: முடிந்தது! லப்டொப் செத்துவிட்டது!

தம்பி: இல்லை ஐயா. சாரதிக்கு நித்திரை வருகிறது. எங்கேயாவது நிற்பாட்டிப் படுக்க வேணும்.

ஐயா: யாருக்கு? எனக்கா? கொழும்பில் ஏறினால் திருகோணமலையில் பிரேக் பிடிக்கும் வரைக்கும் கண் மூடாதவன் நான்!

தம்பி: அந்தக் களைப்பை மெனுவில் அணைக்கலாம்.

ஐயா: அணை.

தம்பி: அணைத்தாச்சு. ஆனால் ஐயா, ஏழு மணி ஆகிறது. நான் கடையைப் பூட்ட வேணும்.

ஐயா: (கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல்) பூட்டு. வெளியால் பூட்டு.