அம்மாவுக்கு வராமல் இல்லை

முந்தாநாள் அம்மாவை டவுனில் ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். நுழைந்ததும் நம்பர் எடுக்க ஒரு தொடுதிரை. அம்மா கட்டைவிரலை வைத்தார், அசையவில்லை, மறுபடி வைத்தார், அப்புறம் பலமாக அழுத்தினார், அதற்குள் திரை தானாக முதல் பக்கத்துக்கே திரும்பிவிட்டது. பின்னால் வரிசை நீண்டது. "எனக்கு இதெல்லாம் வராதுய்யா, நீயே தட்டு" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அந்த "வராது" எனக்குப் பொறுக்கவே இல்லை.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டி, தோளில் சுமக்கும் காண்டா கம்பில் பால் வாளி தூக்கிய கை அது. உளி பிடித்த இடமெல்லாம் காய்ப்பு. இப்போதுள்ள தொடுதிரைகளில் பெரும்பாலானவை நாம் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்று பார்ப்பதில்லை, விரல் பட்டதும் கண்ணாடியின் மின்புலத்தில் உண்டாகும் சின்ன மாற்றத்தைத்தான் அளக்கின்றன. தோல் காய்ந்து தடித்திருந்தால் அந்த மாற்றம் குறைந்து, தொட்டும் தொடாத மாதிரி ஆகிவிடுகிறது. நம் அடையாள அட்டையான மைகார்ட்டிலும் இதே பாடுதான். 2001-இல் வந்த அந்த அட்டையின் சில்லில் கட்டைவிரல் ரேகை இருக்கிறது, அம்மாவின் விரலிலோ அது தேய்ந்துவிட்டது, துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட கையை வைத்து யாராவது ஒருமுறை சோதித்திருந்தால் இது தெரிந்திருக்கும். திரை சட்டென்று பின்வாங்குவதும் அப்படித்தான். வலைப்பக்கங்களில் நேரம் முடியும் முன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடியாவது கொடுங்கள் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-லேயே வழிகாட்டியிருக்கிறது. சரி, மொழி? மலாயும் ஆங்கிலமும் மட்டும்தான் இருந்தன. அம்மா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். நம் நாட்டு முத்து நெடுமாறனின் செல்லினம் செயலி 2005-லேயே கைப்பேசியில் தமிழை எழுத வைத்துவிட்டது, இத்தனை வருடம் கழித்து ஒரு நம்பர் பெட்டியில் நான்கு தமிழ்ச் சொல் போடுவது அவ்வளவு கஷ்டமா?

இதே அம்மாதான் வாட்ஸ்அப்பில் தங்கச்சிக்குத் தினமும் குரல்பதிவு அனுப்புகிறார். மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசுவதை யாரும் இரண்டாம் முறை சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாத்திரம் கழுவிய கையோடு தொட்டால் போன் சொன்னபடி கேட்கிறது என்பதையும் அவரே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி அங்கே போக வேண்டும். ஈரக் கைக்குட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, போகும் பையில் இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.