ஜாக் பழுதா, பயாஸ் பிழையா?
ஹெட்செட்டைச் செருகியும் லேப்டாப் ஒலிபெருக்கி அடங்காவிட்டால் ஜாக் (செருகும் துளை) பழுது, சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போய் மாற்றத்தான் வேண்டும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். எப்போதும் அப்படியல்ல. ஒலிச் சில்லின் எந்த முனையில் ஹெட்போன் இருக்கிறது, செருகுவதை அது உணருமா என்பதை ஒலியை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்குச் சொல்வது, கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ். அந்தத் தகவல் தவறாக இருந்தால் நல்ல ஜாக்கும் ஊமைதான். லினக்ஸின் ஹெச்டிஏ (ஹை டெஃபினிஷன் ஆடியோ) ஒலி டிரைவரில் இத்தகைய மாடல்களுக்கென்றே நீண்ட திருத்தப் பட்டியல் உண்டு.

லினக்ஸில் சோதிப்பது எளிது. லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் கருவிகளில் உள்ள 'ஹெச்டிஏஜாக்சென்ஸ்டெஸ்ட்' நிரலை, எல்லா முனைகளையும் காட்டும் '-ஏ' விருப்பத்துடன், செருகும் முன்னும் பின்னும் இயக்குங்கள். ஏதாவது ஒரு முனையின் நிலை மாறினால் ஜாக்கின் உணர்வு வேலை செய்கிறது. அப்போது 'ஹெச்டிஏஜாக்ரீடாஸ்க்' என்ற இன்னொரு அல்சா கருவி மூலம் அந்த முனையின் அமைப்பைத் திருத்திப் பார்க்கலாம். எதுவுமே மாறாவிட்டால் கடைக்குப் போகலாம்.