வேலை போனதற்கு அத்தாட்சி இல்லாதவர்கள்

2020 ஏப்ரலில் வேலையில்லாத் திண்டாட்டம் இந்தியாவிலேயே அதிகமாக இருந்தது நம்ம பாண்டியில்தான். சிஎம்ஐஇ என்ற தனியார் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 75.8 சதவீதம். அதே மாதம் தமிழ்நாட்டில் 49.8, நாடு முழுவதும் 23.5. சின்ன ஊர், சர்வேயில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற வண்டிகளை நம்பி இத்தனை பேர் பிழைக்கிற ஊரில், வண்டி வராவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

"கொரோனாவில் எல்லாருக்கும்தான் அடி" என்று இன்றைக்கும் சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. லாஸ்பேட்டையில் இருக்கும் என் சித்தி மகனுக்கு ஐடி வேலை. இன்க்ரிமென்ட் நின்றது, சம்பளம் நிற்கவில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தார்கள், ஆனால் மாதம் பிறந்தால் பணம் வந்தது. மருந்து கம்பெனிகள் அத்தியாவசியம் என்று ஓடின. முள்ளோடையில் தமிழ்நாட்டு எல்லையை அடைத்தபோது, ரெட்டிச்சாவடிப் பக்கமிருந்து பாண்டிக்கு வேலைக்கு வருகிறவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது தனிக்கதை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. ஒயிட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை பெருக்கி, பெட்ஷீட் மாற்றி, பாத்ரூம் கழுவுகிற வேலை. மாதம் ஒன்பதாயிரம். "ஊரடங்கு முடியட்டும், சொல்லி அனுப்புறேன்" என்றார் முதலாளி. திறந்தபோது ஐந்து பேர் பார்த்த வேலைக்கு இரண்டு பேர் போதும் என்று ஆகிவிட்டது. அக்காவைக் கூப்பிடவில்லை. எட்டு வருஷம் அங்கே உழைத்ததற்கு அவரிடம் இருந்த ஒரே எழுத்து, அட்வான்ஸ் வாங்கியதையும் கழித்ததையும் முதலாளி குறித்துக் கொடுத்த ஒரு சின்ன நோட்டு. அவர் பட்ட கடனுக்குக் கணக்கு இருந்தது, பார்த்த வேலைக்கு இல்லை. அப்புறம் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனார், பாதிச் சம்பளத்துக்கு.

இந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. கொரோனாவில் வேலை இழந்தவர்களுக்கு, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ ஒரு நிவாரணம் கொடுத்தது: சராசரிக் கூலியில் பாதி, 90 நாள் வரை. நல்ல திட்டம். ஆனால் இஎஸ்ஐயில் பெயர் இருந்து, பணம் கட்டியிருக்க வேண்டும். பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்கிற இடத்துக்குத்தான் அந்தச் சட்டமே வரும். ஆறேழு பேரை வைத்து நடத்துகிற கெஸ்ட் ஹவுஸும் மெஸ்ஸும் நம் ஊரில் எத்தனை! பண்ருட்டிப் பக்கம் வீட்டிலேயே உட்கார்ந்து முந்திரி உடைக்கிற பெண்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? குறைந்த கூலிக்காரர்கள்தான் முதலில் வேலை இழந்தார்கள், அவர்கள்தான் நிவாரணத்துக்கு வெளியேயும் நின்றார்கள். பெண்கள் நிலை இன்னும் மோசம். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழக ஆய்வின்படி, வேலை போய் 2020 முடியும் வரை திரும்பாதவர்கள் ஆண்களில் 7 சதவீதம், பெண்களில் 47 சதவீதம்.

2021 ஆகஸ்டில், அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் இ-ஷ்ரம் வந்தது. அக்காவும் அட்டை எடுத்தார். ஆரம்பத்தில் விபத்துக் காப்பீடு கொடுத்தார்கள். வேலை போனால் ஒரு ரூபாய் கிடையாது.

இப்போது சனி ஞாயிறு வந்தால் பீச் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. சரி, சந்தோஷம். தங்கும் விடுதிக்கு லைசென்ஸ் கொடுக்கும்போதே அங்கே வேலை பார்க்கிறவர்களின் பெயரையும் சம்பளத்தையும் அரசு எழுதி வாங்கட்டும். ஐந்து பேர் இருந்தாலும் இஎஸ்ஐயில் சேர்க்கட்டும். முதலாளி பங்கு 3.25 சதவீதம்தான். ஒன்பதாயிரம் சம்பளத்துக்கு முந்நூறு ரூபாய்கூட ஆகாது.