ஃபெல்ட் என்று எழுதிவிட்டால் ஃபெல்ட் ஆகிவிடுமா?

மூன்றாவது தொப்பியும் நேற்று வந்து சேர்ந்தது. காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் கூரியர் தம்பி நீட்டிய பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் வந்தது பெட்டியே இல்லை. துணிமணி அனுப்புகிற மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் தொப்பியை இரண்டாக மடித்துத் திணித்து, மேலே டேப்பைச் சுற்றி, ஏதோ பழைய துண்டை அனுப்புவதைப் போல அனுப்பியிருந்தார்கள். பிரித்து எடுத்தபோது விளிம்பின் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. ரிப்பன் ஒட்டிய இடத்தில் பசை வெளியே வழிந்து, காய்ந்து, கண்ணாடித் துண்டு போல நின்றது. விற்பனைப் பக்கத்தில் இருந்த வாசகம் எனக்கு மனப்பாடம்: "உயர்தர கம்பளி ஃபெல்ட், ஆண்களுக்கான ஃபெடோரா." விலை 1,299 ரூபாய். ஃபெல்ட் என்றால் நெய்யாமல், இழைகளை இறுக்கிச் செய்த கெட்டித் துணி; ஃபெடோரா என்றால் உச்சியில் பள்ளமும் சுற்றிலும் விளிம்பும் உள்ள தொப்பி.

கம்பளிதானா என்று பார்க்க ஆய்வகம் எதுவும் வேண்டாம், ஒரு தீக்குச்சி போதும். உள்பட்டையை லேசாகத் தூக்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து சிறிது இழையைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். ஆட்டு மயிராக இருந்தால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்தால் தானாக அணையும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். இது உருகிச் சொட்டியது, கரும்புகை விட்டது, ஆறியதும் கடுகளவு கறுப்பு மணியாக இறுகிப்போனது. நகத்தால் அழுத்தினாலும் நசுங்கவில்லை. அதாவது, முதல் தரமான பாலியஸ்டர். முதல் தொப்பி 699 ரூபாய், இரண்டாவது 899 ரூபாய், மூன்றுமே இதே மணியாகத்தான் முடிந்தன. 2,897 ரூபாயைக் கொட்டி மூன்று முறை குல்லா போட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பிறகும் பொறுமையாக இருக்கச் சொன்னால் என்னால் முடியாது.

நல்ல ஃபெல்ட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் இந்தக் கோபத்துக்கு வேர். என் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றுக் குடியாத்தத்தில் வந்து குடியேறியபோது அவருடன் பணியாற்றிய ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் கொடுத்த சாம்பல் நிற ஃபெடோரா அவர் தலையில் இருந்தது. மழையில் நனைந்தால் நீர் முத்து முத்தாக உருண்டு விளிம்பில் வழிந்துவிடும். உச்சியின் முன்பக்கத்தில் கிள்ளினாற்போல இருக்கும் பள்ளம் தளர்ந்தால் அப்பா அடுப்பில் கொதிக்கும் கெண்டி மூக்கின் ஆவியில் ஒரு நிமிடம் காட்டி, இரண்டு விரலால் அழுத்துவார், பழைய வடிவம் திரும்பிவிடும். உள்ளே செம்மறித் தோல் பட்டை, அதில் தேய்ந்துபோன எழுத்தில் ஏழும் எட்டில் மூன்றும் என்ற அளவு. ஆங்கிலேய அளவில் அது 60 சென்டிமீட்டர், என் தலையும் அதேதான். அப்பா போன பிறகு பத்து வருடம் நான் போட்டேன். ஒரு மழைக்காலத்தில் நாப்தலின் உருண்டை வைக்க மறந்த என் தவற்றால் அந்துப்பூச்சி உச்சியைச் சல்லடையாக்கிவிட்டது. அதைப் போன்ற ஒன்றை, அதைவிடச் சற்றுத் தாழ்ந்த ஒன்றையாவது வாங்கிவிட வேண்டும் என்றுதான் இரண்டு வருடமாக அலைகிறேன்.

வேலூர் வெயிலுக்கு ஃபெல்ட் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. நாற்பது டிகிரியைத் தாண்டும் சித்திரையில் நான் பருத்தித் தொப்பிதான் போடுகிறேன். கார்த்திகை முதல் மாசி வரை விடியற்காலையில் பாலாற்றங்கரைப் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்கு, முடி கொட்டிய உச்சந்தலையில் பனி இறங்கினால் என்ன ஆகும் என்று தெரியும். ஏலகிரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதைத் தவிர, ஒருவர் தன் காசில் தனக்குப் பிடித்ததை வாங்குவதற்கு ஊராருக்கு ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்?

அளவு விஷயத்தில் நடக்கும் அநியாயத்துக்கு வருகிறேன். தொப்பி என்பது சால்வை அல்ல. புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்குச் சற்று மேலாக, அளவு நாடாவைச் சுற்றிப் பிடித்தால் வரும் எண்ணுக்குத்தான் அது பொருந்த வேண்டும். ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் நெற்றியில் சிவப்புக் கோடு விழுந்து அரை மணி நேரத்தில் தலைவலி வரும், ஒரு சென்டிமீட்டர் கூடினால் பேருந்து காற்றில் பறந்துபோகும். அதனால்தான் நூறு வருடத்துக்கு மேலாகத் தொப்பி செய்கிறவர்கள் ஏறத்தாழ ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நம்மூரில் விற்பவர்களுக்கோ ஒரே அளவுதான், அதன் பெயர் ஃப்ரீ சைஸ். நாட்டில் உள்ள அத்தனை ஆண்களுக்கும் ஒரே தலை என்று யார் முடிவு செய்தது? ஃப்ரீ சைஸ் என்று எழுதிய மூன்றையும் அளந்து பார்த்தேன், ஒன்று 56, ஒன்று 57, மூன்றாவது 57க்கும் குறைவு. செருப்பை ஒரே அளவில் செய்து விற்றால் கடையை உடைத்துவிடுவார்கள். தலை என்றால் மட்டும் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

பெயரிலும் பொய். ஃபெடோராவுக்கு விளிம்பு ஏறத்தாழ இரண்டரை அங்குலம் இருக்கும், வெயிலும் தூறலும் முகத்தில் படாமல் காப்பது அதுதான். இவர்கள் அனுப்புவது ஒன்றரை அங்குலம்கூட இல்லாத, பின்பக்கம் மடிந்து நிற்கும் ட்ரில்பி. படத்தில் ஒன்று, பெயரில் ஒன்று, பெட்டியில், இல்லை, பிளாஸ்டிக் உறையில் மற்றொன்று.

இணையத்தில்தான் ஏமாற்று, கடையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம் என்று மைத்துனர் சொன்னதைக் கேட்டு, ஒரு சனிக்கிழமை லாங் பஜாரில் தொடங்கி, ஆபீசர்ஸ் லைன் வழியாகப் பழைய பேருந்து நிலையம் வரை ஏறி இறங்கினேன். தொழுகைத் தொப்பி அழகழகாக இருக்கிறது, கிரிக்கெட் தொப்பி மலையாகக் குவிந்திருக்கிறது, குழந்தைகளுக்கான கவ்பாய் தொப்பி தொங்குகிறது. ஒரே ஒரு கடையில் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். "ஒரிஜினல் ஃபெல்ட் சார், டில்லி சரக்கு" என்றார் கடைக்காரத் தம்பி. விரலால் தட்டினேன், அட்டையைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. "எதில் செய்தது தம்பி?" என்று கேட்டேன். "ஃபெல்ட்லதான் சார்" என்றார். "அந்த ஃபெல்ட் எதில் செய்தது?" என்று மறுபடி கேட்டதற்கு, "அதெல்லாம் யாரும் கேட்கமாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சரக்கு அனுப்பியவர் அவரிடமும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஃபெல்ட் எதில் செய்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆட்டு மயிரின் ஒவ்வோர் இழையிலும் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் அழுத்தமும் உரசலும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகிவிடும், நெசவும் தேவையில்லை, பின்னலும் தேவையில்லை. அந்தப் பிடிப்பினால்தான் ஆவியில் காட்டினால் வளைந்து கொடுக்கும், ஆறினால் நிற்கும். முயல், பீவர் முதலியவற்றின் மென்மயிரில் செய்வது இன்னும் உயர்ந்தது. இத்தாலியின் அலெசாந்திரியாவில் 1857இல் தொடங்கிய போர்சலினோ போன்றவர்கள் செய்வது அந்த வகை, அதன் விலையை நான் எட்டிப் பார்க்கவும் நினைக்கவில்லை. பாலியஸ்டர் இழையில் செதில் கிடையாது, அதை முள் ஊசிகளால் ஆயிரக்கணக்கில் குத்திக் குத்திச் சிக்கவைத்து, பிசின் பூசி விறைப்பாக்குகிறார்கள். ஆவியில் காட்டினால் வடிவம் திரும்புவதற்குப் பதிலாக அங்கங்கே சுருங்கும். இரண்டாவது தொப்பியில் நான் அதைக் கண்கூடாகப் பார்த்தேன்.

நான் கேட்பது நடுவில் உள்ளது. வெளிநாடுகளில் சாதாரணக் கம்பளி ஃபெல்ட் தொப்பி நாற்பது முதல் எண்பது டாலருக்குக் கிடைக்கிறது, நம் கணக்கில் ஏறத்தாழ 3,500 முதல் 7,000 ரூபாய். அதை இங்கே வரவழைத்தால் தபால் செலவு, சுங்க வரி, ஜிஎஸ்டி என்று ஏறி, அந்தச் செலவிலேயே இன்னொரு தொப்பி வாங்கிவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. அளவு சரியில்லாவிட்டால் திருப்பி அனுப்புவது நடக்காத காரியம். ஆக, கீழே 699 ரூபாய்ப் பொய், மேலே கைக்கு எட்டாத உண்மை, இரண்டுக்கும் நடுவே ஒரு மாதச் சம்பளக்காரன் நேர்மையாக வாங்கக்கூடியது எதுவும் இல்லை.

அதுவும் இந்த மண்ணில் இல்லை என்பதுதான் தாங்கவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதப்படுத்தும் தோலும் தைக்கும் காலணியும் உலகம் முழுவதும் போகின்றன. அப்பாவின் தொப்பியில் உள்பட்டை கிழிந்தபோது ஆம்பூரில் ஒரு பெரியவர், அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், செம்மறித் தோலைச் சீவி, மெழுகு நூலால் கையாலேயே தைத்து, ஒரு மணி நேரத்தில் கொடுத்தார். அந்தத் தையல் கடைசிவரை விடவில்லை. தொப்பிக்கு விறைப்பு கொடுக்கக் காலங்காலமாகப் பயன்படுவது அரக்கு, அது ஜார்க்கண்ட் காடுகளிலிருந்து உலகுக்குப் போகிறது. நம் நாட்டு ஆட்டு மயிர் பெரும்பாலும் முரடு, கம்பளத்துக்கே ஏற்றது என்பது உண்மைதான். ஆனால் தொப்பி செய்வதற்கான கம்பளிக் கூம்பை, அதாவது இன்னும் வடிவம் பிடிக்காத கூம்பு வடிவ ஃபெல்ட்டை மட்டும் வெளியிலிருந்து தருவித்து, மரக் கட்டையில் ஏற்றி, ஆவி கொடுத்து, வடிவம் பிடித்து, இங்கேயே தோல் பட்டை தைக்கக் கைதேர்ந்தவர்களுக்கா பஞ்சம்? வாங்குகிறவர்கள் கொஞ்சம்பேர்தான் என்று சொல்வார்கள். பொய்ச் சரக்கை வாங்கி ஏமாந்து, இனி தொப்பியே வேண்டாம் என்று விட்டவர்களை அந்தக் கணக்கில் சேர்த்தார்களா?

எங்கள் ஊர்க் கோட்டையில் 1806 ஜூலை 10ஆம் தேதி சிப்பாய்கள் எழுந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று தலையில் வைக்கச் சொன்ன புதுத் தலைப்பாகை. வெள்ளைக்காரர் தொப்பியைப் போன்ற அதன் வடிவமும், அதில் செருகிய தோல் குஞ்சம் எந்த விலங்கின் தோலோ என்ற சந்தேகமும் அவர்களைக் கொதிக்கவைத்தன. அவர்கள் இழந்ததோடு என் மூவாயிரம் ரூபாயை ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. ஆனால் தலையில் வைப்பது எதில் செய்தது என்று கேட்பது அற்பக் கேள்வி இல்லை என்பதை மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத் தூணைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது தொப்பிக்காக வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். இருபது நிமிடம் இசை கேட்ட பிறகு பேசிய பெண், "அது ஃபெல்ட் டைப் மெட்டீரியல் சார்" என்றார். பக்கத்தில் கம்பளி என்று எழுதியிருக்கிறதே அம்மா என்றேன். "இழை பிய்ந்திருந்தால் ரிட்டர்ன் எடுக்க முடியாது சார்" என்றார். பொய்யை நிரூபிக்க இழையைப் பிய்க்க வேண்டும், பிய்த்தால் பணம் வராது! 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி பொருள் எந்த நாட்டில் செய்தது என்பதை விற்பவர் தெரிவிக்க வேண்டும், பொய்யான விவரம் தருவது நுகர்வோர் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கத்தில் நாடும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. 1,299 ரூபாய்க்கு ஒருவன் வேலையை விட்டுவிட்டு நுகர்வோர் ஆணையத்தின் படியேற மாட்டான் என்று அவர்கள் போட்ட கணக்கு இந்த முறை தப்பு. படங்களும் உருகிய மணியும் ரசீதும் ஒரு உறையில் இருக்கின்றன, திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் யாராவது உண்மையான கம்பளிக் கூம்பைத் தருவித்துத் தொப்பி செய்கிறீர்கள் என்றால், இரண்டரை அங்குல விளிம்பு, சாம்பல் நிறம், தோல் உள்பட்டை, அளவு 60 சென்டிமீட்டர். 4,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், முன்பணமாகவே தருகிறேன். பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.