புலிக்கு ஒரு கட்டாயம் வைத்துப் பாருங்கள்

"கேம் டிசைன் பண்ணணும், ஐடியாதான் சிக்க மாட்டேங்குது" என்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஐடியா தேடாதீர்கள். இருக்கிற ஆட்டத்தில் ஒரே ஒரு விதியைக் கெடுங்கள். யூனிட்டி, கோடாட் மாதிரி கேம் செய்யும் மென்பொருள் எல்லாம் அப்புறம். சார்ட் அட்டை ஒன்று, சோடா மூடி 15, புளியங்கொட்டை 3 போதும்.

ஆடுபுலி ஆட்டம். உச்சியிலிருந்து நான்கு சாய்கோடு, குறுக்கே மூன்று, அடியில் ஒன்று. குறுக்குக்கோட்டு முனைகளை இருபுறமும் இணைத்தால் மொத்தம் 23 புள்ளி. 3 புலி, 15 ஆடு. பக்கத்து ஆட்டைத் தாண்டி அடுத்த காலிப் புள்ளியில் குதித்தால் புலிக்கு ஒரு வெட்டு; புலிகளை நகரவிடாமல் அடைத்தால் ஆட்டுக்கு ஜெயம். எல்லா ஆடும் இறங்கிய பிறகுதான் ஆடு நகரும். வெட்டே விழாவிட்டால் அப்போது காலி 5 புள்ளி. இந்த ஆட்டத்தின் உயிரே அந்த ஐந்தில் இருக்கிறது. இதே மாதிரி நேபாளத்துப் புலி-ஆடு ஆட்டமான பாக்சாலில் 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு; காலி ஒன்றே ஒன்று. அதை ஈடுகட்டத்தானோ என்னவோ, அங்கே 5 ஆட்டை வெட்டினாலே புலி ஜெயித்துவிடும்.

புதியவர்கள் முதலில் கைவைப்பது எண்ணிக்கையில். 15 ஆட்டை 12 ஆக்குவார்கள். காலி 8 ஆகும், புலி எந்தப் பக்கமும் நழுவும், ஆட்டுக்காரர் கொட்டாவி விடுவார். யார் ஜெயிப்பது என்பதுதான் மாறியது, ஆட்டம் அதேதான்.

அதற்குப் பதில் இப்படி வையுங்கள்: வெட்ட வழியிருந்தால் புலி வெட்டியே ஆகவேண்டும். இப்போது ஆடு தூண்டில் புழு. புலிக்குப் பக்கத்தில் ஒன்றைக் காவு வைத்து, அதை அடிக்கோட்டு மூலைக்கு இழுத்து, அடுத்தடுத்த ஆடுகளால் அடைக்கலாம். பயந்து ஒதுங்கிய பக்கம் வலை விரிக்கிறது! கூடவே ஓட்டையும் வரும். இரண்டு புலிக்கும் வெட்டு இருந்தால் எது போகும்? இறங்கிய இடத்தில் இன்னொரு வெட்டு கிடைத்தால்? ஆடும் முன்பே எழுதிவையுங்கள், நடுவில் பேசினால் சண்டைதான். என் ஓட்டு: புலிக்காரர் தேர்வு, ஒரு முறைக்கு ஒரே வெட்டு.

இன்னொன்று, விஷ ஆடு. ஒரு மூடியின் உட்பக்கம் மார்க்கர் புள்ளி. அதை வெட்டிய புலி சாகும் என்று வைத்தால் ஆட்டம் படுத்துவிடும். மீதி இரண்டை அடைப்பது பெரிய வேலையில்லை. "இரண்டு முறை அந்தப் புலி நகராது" என்பது போதும். இதற்குக் கூழாங்கல் ஆகாது, கல்லின் முகம் இரண்டே ஆட்டத்தில் மனப்பாடமாகிவிடும். இதைக் கட்டாய வெட்டோடு சேர்க்கவும் வேண்டாம். எப்படியும் வெட்டத்தான் வேண்டும் என்றால் ஏமாற்ற என்ன இருக்கிறது?

2005இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள், ஒரு வீடியோ கேமை ஒரே ஆள் 7 நாளுக்குள் செய்யவேண்டும் என்று வைத்துக்கொண்டு ஒரே செமஸ்டரில் 50க்கு மேல் செய்தார்கள். அதில் கைல் கேப்ளரின் 'டவர் ஆஃப் கூ'தான் 2008இல் 'வேர்ல்ட் ஆஃப் கூ' ஆனது. மற்றவற்றில் பலவற்றின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அதனால் என்ன?

ஒரு மாற்றத்துக்கு ஆறு ஆட்டம், மூன்று முடிந்ததும் பக்கம் மாற்றி. ஜெயித்தது யார், எத்தனை ஆடு போனது, எந்த இடத்தில் யார் சலித்துப்போய் போனை எடுத்தார்கள் என்று குறியுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். பெரும்பாலும் அது, எல்லா ஆடும் இறங்கிய பின் இருவரும் ஒரே காயை முன்னும் பின்னும் தள்ளும் இடமாக இருக்கும். ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் ஆட்டுக்காரர் வேறு காயை நகர்த்தவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.